அண்ணனின் டோன்

விரலா, கருவியா என்று போன வாரம் மியூசியம் வளாகத்தில் நடைப் பயிற்சிக்கு நடுவே நீங்கள் இருவரும் கத்திக்கொண்டதை நான் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டு வந்தேன். உங்களில், ஓய்வு பெற்றபின் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கியிருக்கும் நண்பர், இன்னும் நல்ல ஆம்ப்ளிஃபையர் வாங்கினால்தான் டோன் என்கிற அந்த நாதக் குணம் வரும் என்கிறார். ஓய்வு பெற்றபின் எதுவுமே வாங்காத நண்பர், எல்லாம் விரலில் இருக்கிறது, விரலில் இல்லாதது கடையில் கிடைக்காது என்கிறார். கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பினீர்கள். முட்டு வலிக்கிறது என்று சொல்லி நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். முட்டு வலி உண்மை. உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு.

ஒரு புகார் வந்தால் அதை எந்த வரிசையில் விசாரிக்க வேண்டும், யாரிடம் விளக்கம் கேட்க வேண்டும், எப்போது கோப்பை மூட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அரசாங்கம் அதற்குத்தான் சம்பளம் தந்தது, இப்போது உயிரோடிருக்கிறேன் என்று வருஷா வருஷம் நிரூபித்தால் பென்ஷனும் தருகிறது. நீங்கள் போட்ட இதே சண்டைக்கு எங்கள் வீட்டில் ஒரு முறையான விசாரணை நடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எல்லாப் படிகளும் ஒழுங்காக நடந்தன. ஒன்றைக்கூடத் தாண்டவில்லை. அப்படி ஒழுங்காக நடந்ததால்தான் என் அண்ணன் போனான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. இதே ஊரில், தைக்காட்டில் ஒரு சந்தின் கடைசி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவும் அம்மாவும் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். அப்பாவுக்கு இங்கே அரசாங்க அலுவலகத்தில் செக்‌ஷன் சூப்பரண்டு வேலை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், அப்பாவுக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ். அண்ணனுக்குப் பத்தொன்பது. ப்ரீ டிகிரியில் இரண்டு தடவை தோற்றுவிட்டு, பகலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். போய்க்கொண்டிருந்தான் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார்.

கிட்டார் போனக்காடு மலையிலிருந்து வந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அங்கே தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தா. தோட்டத்தை விட்டுப் போன மேனேஜர் ஒருவரின் மகன் எடுத்துப் போகாமல் விட்டதை மாமா சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். சிவப்பு வர்ணம், ஓரங்களில் கறுப்பு. கொம்பு முளைத்த மாதிரி இருந்ததால் அம்மாவுக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. எங்கள் சர்ச்சில் புது மைக் செட் வாங்கியபோது பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் செட்டை யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்கள். அண்ணன் எடுத்துக்கொண்டு வந்தான். பச்சை இரும்புப் பெட்டி, முன்னால் ஒரு சிவப்பு விளக்கு, தனியாக ஒரு மரப்பெட்டிக்குள் ஸ்பீக்கர். ஸ்விட்சைப் போட்டால் உடனே பேசாது. உள்ளே கண்ணாடிக் குப்பி மாதிரி இருக்கும் வால்வுகள் மெல்லச் சிவந்து பழுத்து, தூசி வேகும் வாசனை வந்த பிறகுதான் ‘உம்’ என்று தொடங்கும். சோப்பு டப்பா மூடியை வெட்டி அண்ணன் தனக்கு மீட்டுகோல் செய்துகொண்டான். அந்த மூடியில் பாதி ரோஜாப்பூ படம் இருந்தது.

எங்கள் சந்தின் கரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளக்கு வைக்கிற நேரம் வந்தால் எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் ஸ்விட்ச் போடுவார்கள். கடைசி வீடான எங்களுக்கு வந்து சேர்வது மிச்சம் மீதி. பல்புக்குள் இருக்கும் கம்பி பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்து அத்தோடு நின்றுவிடும். டியூப்லைட் இரண்டு முனையிலும் சிவந்து துடிக்கும், எரியாது. நான் நாற்காலியில் ஏறி அதை உள்ளங்கையால் தடவிக் கொடுப்பேன். சில நாள் இரங்கும். ஃபேனுக்கு எத்தனை இறகு என்று அது ஓடும்போதே எண்ணலாம்.

அந்தச் சிவந்த வெளிச்சத்தில்தான் அண்ணன் வாசிப்பான். பகலில் அவன் வீட்டில் இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து மத்தியானம் எப்போதாவது எடுத்துப் பார்ப்பான், முகத்தைச் சுளித்துக்கொண்டு வைத்துவிடுவான். “வெயில்ல எனக்க கை எழும்பாது பிள்ளே. அந்தியாவணும்” என்பான். நாங்கள் நம்பினோம். கலைஞர்களுக்கு அப்படி ஏதாவது இருக்குமென்று கேள்விப்பட்டிருந்தோம்.

அந்தியானால் வருமே ஒரு சத்தம். ஒரு கம்பியைத் தட்டினால் அது முதலில் கொஞ்சம் உள்ளே அமுங்கும். பிறகு மூச்சு வாங்கி எழுந்து, ஓரமெல்லாம் லேசாகக் கருகின மாதிரி, நீண்டுகொண்டே போகும். சீனிப்பாகு தீய்வதற்குக் கொஞ்சம் முன்னால் அடுப்படியில் ஒரு வாசனை வரும், அதைக் காதால் கேட்டால் அப்படி இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியை மறந்துபோய் உட்கார்ந்திருப்பாள். அப்பா பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்திருப்பார். அந்த வெளிச்சத்தில் தலைப்பைக்கூடப் படிக்க முடியாது என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

ஓணம் கழிந்து ஒரு நாள், அந்தச் சத்தத்துக்காக ஒருவர் சந்துக்குள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தார். கோயில் உற்சவங்களில் கானமேளை என்னும் மேடைப் பாட்டுக் கச்சேரி நடத்தும் ஒரு குழுவின் மாஸ்டர். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இது ரேடியோவோ, ஆளோ?”

“ஆளுதான்” என்றேன் நான்.

உள்ளே வந்து அண்ணனின் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தையில் மீன் வாங்குகிறவர் மாதிரி பார்த்தார். விரல் நுனியைத் தட்டி, “டோன் இவிடெயாக்கும். மத்ததெல்லாம் வெறும் பெட்டி” என்றார். அவருடைய கிட்டார்க்காரன் கல்ஃபுக்குப் போய்விட்டானாம். உற்சவ சீசன் தொடங்குமுன் செலக்‌ஷன் வைத்து வேறொருவனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். “பாட்டு நான் படிப்பிச்சுத் தரும். டோன் என்னால தர ஒக்காது. தம்பி அதக் கொண்டு வந்தா மதி, அது போதும்.”

அவர் போனபின் அண்ணன் தன் கையைத் தானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு தடவை தோற்றவனிடம் முதல் தடவையாக ஒருவர், உன்னிடம் ஒன்று இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார், இருக்கும் இடத்தையும் தொட்டுக் காட்டியிருக்கிறார். அதற்கப்புறம் அவன் அந்தக் கையால் தண்ணீர்க் குடம் தூக்கவில்லை. நான் தூக்கினேன்.

அப்பா அன்று சாப்பாட்டு மேசையில் விஷயத்தை முறைப்படுத்தினார். “செலக்‌ஷன் கெடச்சா வாசிச்சுக்கோ. நான் ஒண்ணும் பேசமாட்டேன். கெடைக்கலேன்னா மாமா சொன்ன எஸ்டேட் வேலைக்குப் போவணும். சம்மதமா?”

“சம்மதம்.”

“யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சாச்சுப்பா. அந்த மலைக்கு எனக்குப் போவ முடியாது. அங்க ஆடுகூட பி.எஃப். பிடிச்சதுக்கப்பறம்தான் மேயும்.”

மாமாவைப் பற்றிய கேலி என்பதால் அம்மா முறைத்தாள். அப்பா சிரிப்பை மோரோடு சேர்த்துக் குடித்தார். அண்ணனுக்கு அது வேடிக்கை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு லீவுக்கு அங்கே போய்வந்து, பனிக்குள் எங்கே பார்த்தாலும் ஒரே பச்சை, ஒரே ஃபாக்டரிச் சங்கு, ஒரே பஸ், ஒரு வாரத்தில் சொந்தக் குரல் மறந்துபோகும் என்று என்னிடம் சொல்லியிருந்தான். அவனுக்கு அது வேலை இல்லை, புதைப்பு.

இனி அப்பா செய்தது. இதைச் சொல்லத்தான் இத்தனை வருஷமாகத் தயங்கினேன்.

மகன் மங்கின வெளிச்சத்தில் கம்பியைக் குனிந்து குனிந்து பார்த்து வாசிப்பதை அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இப்படிச் செத்த கரண்டிலேயே இவ்வளவு வாசிக்கிறான் என்றால் நல்ல கரண்டு கொடுத்தால் எப்படி வாசிப்பான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. வாய் விட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷர், தெரிந்த ஒன்றைச் செய்தார். சந்துவாசிகள் சார்பில் மின்சார வாரியத்துக்கு விண்ணப்பம் எழுதினார். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். விண்ணப்பம் எந்த மேசையில் தூங்குகிறதோ அந்த மேசைக்குப் போய் எதிரே உட்கார்ந்தார். எஸ்டிமேட், ஒப்புதல், சாமான் இருப்பு, ஆள் ஒதுக்கீடு என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினார். பொதுநலன் என்றுதான் எழுதியிருந்தார். மகனின் கிட்டார் எந்த இடத்திலும் வரவில்லை. நானும் பிற்பாடு எத்தனையோ கோப்புகளைத் தள்ளியிருக்கிறேன், அவர் வேகம் எனக்கு வந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால், செலக்‌ஷனுக்கு ஒன்றரை மாதம் இருக்கையில், எங்கள் சந்து முனையில் புது ட்ரான்ஸ்ஃபார்மர் வந்து இறங்கியது.

அது ஒரு திருவிழா. லாரி, கயிறு, கப்பி, ‘ஐலசா’. அந்தி வந்தது, ஸ்விட்சைப் போட்டார்கள், சந்து முழுக்க டியூப்லைட்டுகள் ஒரே துடிப்பில் வெள்ளையாக எரிந்தன. பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கு ஓடிவந்து, “அய்யோ, எங்க சுவரு இவ்வளவு அழுக்கா! இத்தன நாளு நல்லாத்தானே இருந்தது!” என்று கூவினாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சந்து நடுவில் நின்றார். யாரோ கை குலுக்கினார்கள். நான் அவரை அவ்வளவு உயரமாகப் பார்த்ததில்லை.

உள்ளே வந்து அண்ணனிடம், “போடு பாப்போம் செட்ட” என்றார். முதல் தடவையாக அவர் கேட்டு அவன் வாசிக்கப் போகிறான். வால்வுகள் சட்டென்று பழுத்தன. அண்ணன் தட்டினான்.

தகரத்தில் கரண்டி விழுந்த மாதிரி இருந்தது. சத்தம் அமுங்கவில்லை, எழவில்லை, நீளவில்லை. தட்டின உடனே டணார் என்று வந்து அப்படியே செத்துப்போயிற்று. அண்ணன் இன்னொரு தடவை தட்டினான். குமிழைத் திருகினான். மறுபடியும் தட்டினான்.

“தெளிவாட்டு இருக்கு” என்றார் அப்பா. அவருக்குச் சந்தோஷம். கரண்டு நன்றாக வந்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்க வேண்டும்.

அண்ணன் அவரைப் பார்த்துத் தலையாட்டினான். அந்த முகம் எனக்கு இன்னும் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி நாலடி நடந்தபின் பையைத் தொட்டுப் பார்க்கிறவன் முகம்.

அன்றைக்குக் களைப்பு என்றான். மறுநாள் பனி என்றான். அதற்கடுத்து காரணம் சொல்வதை நிறுத்திவிட்டான். விசாரணை தொடங்கியது.

முதலில் கருவி. ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் வீட்டுக்கே வந்து பெட்டியைக் கழற்றி, மீட்டரை வைத்துப் பார்த்தார். “வால்வு நாலும் ஜோரா இருக்கு. இத்தன நாளு பாவம் இது அரைப்பட்டினி கெடந்தது, இப்பம்தான் வயிறு நெறைய சாப்பிடுது. புதுசா வாங்கினப்பகூட இப்படி வேலை செஞ்சிருக்காது.” கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், “செட்டுக்கு ஒண்ணுமில்ல தம்பி. நீ ஒனக்க கையப் பாரு.”

விடை அந்த வாயிலிருந்தே வந்து விழுந்தது. எங்களில் ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை. வெளிச்சம் வந்த நாளில் டோன் போனது என்பதை எல்லோரும்தான் பார்த்தோம். ஆனால் ஒரு குறை தீர்ந்ததால் ஒரு கேடு வந்தது என்று எழுத எந்த விசாரணையிலும் இடம் கிடையாது. அம்மா ஒருத்திதான் இரண்டையும் முடிச்சுப் போட்டாள். “சந்து முழுக்க அன்னைக்கு நம்ம வீட்டையேதான் பாத்தாவ. நமக்கு இந்தக் கண்ணு படுறதுல ஒண்ணும் நம்பிக்க கெடயாது. ஆனாலும் பட்டுட்டு” என்றாள்.

கருவி குற்றமற்றது என்று சான்று கிடைத்தபின் மிச்சமிருந்தது கை. டோன் கையில்தான் என்று மாஸ்டரே சொல்லியாயிற்று. அண்ணன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தான். அதே வாக்கு இப்போது அவனைப் பிடித்துக்கொண்டது.

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து அப்பா ஒரு வர்ம ஆசானை வரவழைத்தார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அடி, சுளுக்கு, நரம்பு எல்லாவற்றுக்கும் டாக்டருக்கு முன்னால் ஆசான்தான். மணிக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, கண்ணை மூடி, வெகு நேரம் இருந்தார்.

“எப்பமாவது விழுந்ததுண்டா?”

“சைக்கிள்ல விழுந்திருக்கேன். சின்ன வயசுல.”

“ஆ. அதாக்கும்.”

சைக்கிளில் விழாத கை எங்கே இருக்கிறது? ஆனால் காரணம் கிடைத்துவிட்டது என்பதில் எங்களுக்கு எவ்வளவு நிம்மதி! வர்மத்தில் பட்ட பழைய அடி உள்ளே கிடந்து இப்போது எழும்பியிருக்கிறதாம். எண்ணெய் போட்டு, பச்சிலை வைத்து, விரல் நுனி மட்டும் தெரியும்படி துணியால் சுற்றிக் கட்டினார். செலக்‌ஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவிழ்க்கலாம், அதுவரைக்கும் கம்பியைத் தொடப்பிடாது என்றார். ஒரு நோயுமில்லாத கையை நாங்கள் நாலு பேரும் சேர்ந்து கட்டிப்போட்டோம். வீடு முழுக்க எண்ணெய் வாசனை. என் நோட்டுப் புத்தகங்கள்கூட அப்படி மணத்தன. அம்மா அவனுக்குச் சோறு ஊட்டினாள்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அண்ணன் கட்டுப்போட்ட கையைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“வலிக்குதாண்ணே?”

“இல்ல.”

“மரத்துப் போச்சா?”

“இல்ல பிள்ளே. நல்லாத்தான் இருக்கு. முன்ன எப்படி இருந்துதோ அப்படியேதான் இருக்கு.” கையை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டு சொன்னான், “அதுதான் பயமாட்டு இருக்கு.”

இரவெல்லாம் அவன் தூங்கவில்லை என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா ஆசானுக்கு ஆள் அனுப்பி எண்ணெயை மாற்றச் சொன்னார்.

கட்டை அவிழ்த்தபோது கை வெளுத்து, நாளெல்லாம் துணி துவைத்த கை மாதிரி சுருங்கியிருந்தது. அவன் தட்டினான். அதே தகரம். முன்னால் விரலிலிருந்த வேகமும் இப்போது போயிருந்தது. அந்த வாரம் முழுக்க இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகிற பாவனையையும் விட்டுவிட்டுக் கதவை மூடிக்கொண்டு வாசித்தான். மென்மையாகத் தட்டினான், ஓங்கித் தட்டினான், நகத்தால், கட்டைவிரல் சதையால், மீட்டுகோலைத் திருப்பிப் பிடித்து. தொலைத்த சாவியைத் தேடிய இடத்திலேயே திரும்பத் திரும்பத் தேடுகிறவனை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

செலக்‌ஷன் தம்பானூரில், ஒரு லாட்ஜின் மாடி ஹாலில். முற்பகல் நேரம். அப்பா கேஷுவல் லீவ் எடுத்துக்கொண்டு, ஆபீஸ் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். செட்டையும் ஸ்பீக்கரையும் ஆட்டோவில் ஏற்றியபின் மிச்ச இடத்தில் என்னைத் திணித்தார்கள், வயர்ப் பை என் மடியில். கீழே பஸ் ஸ்டாண்டின் இரைச்சல். ஹாலில் மாஸ்டர், ஒரு தபலாக்காரர், ஹார்மோனியத்தோடு ஒருவர், பாடுகிற பெண்கள் இரண்டு பேர்.

அண்ணன் ஒரு பாட்டின் தொடக்கத்தை வாசித்தான். மாஸ்டர் கையை உயர்த்தினார்.

“பாட்டு இரிக்கட்டு. டோன் எவிடெ?”

“மாஸ்டர், கையில கொஞ்சம் வைத்தியம்…”

“இன்னும் ஒரு தடவ கூடி.”

வாசித்தான். தபலாக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் பக்கத்தில் வந்து, அன்றைக்குப் போலவே அண்ணனின் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எண்ணெய் வாசனைக்கு மூக்கைச் சுருக்கினார்.

“தம்பி, சத்தியம் சொல்லு. அன்னைக்கு ஜன்னலுக்குள்ள வாசிச்சது நீதானோ, இல்லேங்கில் டேப் ரிக்கார்டரோ?”

பாடுகிற பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அண்ணன் தனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது போல நின்றான்.

அப்பா எழுந்தார். “நான் கவர்ன்மென்ட் சர்வன்ட்” என்று தொடங்கினார். குரல் ஆபீஸ் குரல். “எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாறேன். வாசிச்சது எனக்க மகன்தான். நான் சாட்சி. தெனமும் கேட்டேன்.” அங்கே குரல் மாறியது. “கேக்காத மாதிரி பேப்பர் படிச்சிட்டு இருப்பேன். ஆனா ஒரு நாளுகூட விடாம கேட்டேன். வீட்டுக்கு வரதே அதுக்குத்தான்.”

அண்ணன் திரும்பி அவரைப் பார்த்தான். அந்த வார்த்தைக்காக அவன் எத்தனை வருஷம் காத்திருந்தானோ, அது இங்கே, இந்த நேரத்தில், ஒரு உபயோகமுமில்லாமல் வந்தது.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. அப்பாவின் தோளில் கை வைத்தார். “சேட்டன் சொல்றது நான் நம்பும். ஆனா உற்சவம் நடக்கிற பறம்பில சேட்டனுக்க கையெழுத்த ஆரு கேப்பா?”

ஆட்டோவில் திரும்பும்போது அப்பா எஸ்டேட் பேச்சை எடுக்கவில்லை. வீடு வரும்வரை அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது, “எப்பம் போவணும்ப்பா?” என்றான்.

“அவசரமில்ல.”

“இல்ல. போறேன்.”

போனான்.

கோடை லீவுக்கு அம்மா என்னை மாமாவோடு போனக்காட்டுக்கு அனுப்பினாள். அண்ணன் இளைத்திருந்தான், தாடி வந்திருந்தது. தொழிலாளிகள் பறித்துக் கொண்டுவரும் இலையை நிறுக்கும் இடத்தில் நின்று எடை கூப்பிடுகிற வேலை. நாளெல்லாம் கத்தி எண்கள் கூப்பிட்டுவிட்டு, குவார்ட்டர்ஸுக்கு வந்தால் பேச மாட்டான். கூடக் கொண்டுவந்த கிட்டாரை உறையிலிருந்து எடுத்ததே இல்லை என்று மாமி சொன்னாள். அதோடு வந்த வால்வு செட்டை மட்டும் தோட்டத்துச் சர்ச்சில் மைக்குக்காகக் கேட்டிருந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. மைக் கையில் இல்லாததால், வயரைச் சோதிக்க மட்டும் என்று அண்ணன் கிட்டாரைச் செருகினான்.

ஒரு தட்டு. தகரம். “வேலை செய்யுது” என்று அணைக்கப் போனான்.

அந்த நேரத்தில் கீழே ஃபாக்டரியில், அன்றைய இலையை வாட்டுவதற்குப் பெரிய விசிறிகளை ஓட விட்டார்கள். குவார்ட்டர்ஸ் வரிசையில் எல்லா பல்பும் ஒன்றாகச் சுருங்கி, பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்தது. அண்ணனின் முழங்கை தற்செயலாகக் கம்பியில் பட்டிருக்க வேண்டும். அந்தச் சத்தம் எழுந்தது. அமுங்கி, மூச்சு வாங்கி, ஓரம் கருகி, நீண்டது.

அவன் அசையவில்லை. பிறகு உட்கார்ந்து வாசித்தான். தம்பானூரில் வாசிக்க வேண்டியிருந்ததை வாசித்தான். அடுத்த அறையிலிருந்து மாமா கத்தினார், “அதாம்டே! கை திரும்பி வந்தாச்சே! ஆசானுக்க எண்ண இப்பம்தான் பலிச்சிருக்கு!”

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை வாசித்துக்கொண்டிருக்க, கண் பல்பை விட்டு நகரவில்லை. மெல்ல நிறுத்தினான்.

“பிள்ளே, இங்க வா. இத அடி.”

“எனக்குத் தெரியாதே.”

“ஒண்ணே ஒண்ணு. சும்மா அடி.”

அடித்தேன். எனக்கும் வந்தது. அமுங்கி, எழுந்து, நீளமாக, அதே பாகு.

“பாத்தியா” என்றான்.

“என்னதுண்ணே?”

“அது நான் இல்ல. ஒருநாளும் நான் இல்ல.” பல்பைக் காட்டினான். “கரண்டு கொறைஞ்சா வரும். கூடினா போவும். அவ்வளவுதான்.”

“பாட்டு நீதானே வாசிச்சே?”

“பாட்டு எல்லாவனும் வாசிப்பான். அவரு கேட்டது பாட்டில்ல.”

“அப்பம் மாஸ்டர இங்க கூட்டிட்டு வருவோம். இந்த நேரத்துக்கு.”

சிரித்தான். “உற்சவத்துக்கு ஜெனரேட்டர் வைப்பாவ பிள்ளே. பளபளன்னு எரியும்.”

கை குற்றமற்றது என்று தெரிந்த நாளில் ஒருவன் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் கையை விடுதலை செய்த அதே சாட்சியம் கைக்கு இருந்த ஒரே பெருமையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. நோய் என்றால் ஒருநாள் தீரும் என்றாவது இருந்திருக்கும். வெளிநாடுகளில் பெரிய பெரிய வாசிப்பாளர்கள் இதே சத்தத்துக்காகக் கரண்டை வேண்டுமென்றே குறைக்க ஒரு பெட்டி வைத்திருந்தார்கள் என்று வெகு காலம் கழித்துப் படித்தேன். அவர்களிடம் யாரும் உன் கையில் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. நான் அடித்தது ஒரு தட்டு. அவன் மாதிரி ஒரு வரி வாசிக்க என்னால் ஆயுசுக்கும் முடிந்திருக்காது. பதினொரு வயதில் இதை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் இல்லை. வாய் வந்தபோது அவன் அந்தப் பேச்சைக் கேட்கவே மறுத்துவிட்டான். வேறு வேறு தோட்டங்களில் எடை கூப்பிட்டு, கணக்கு எழுதி, ஓய்வு பெற்று, போன வருஷம் போய்ச் சேர்ந்தான். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட வாசிக்கவில்லை. விரலா, கருவியா என்று என்னிடம் கேட்டீர்களே, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அன்றைக்கு அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “அப்பாட்ட சொல்லப்பிடாது. கேட்டியா? ஒருநாளும் சொல்லப்பிடாது” என்றான். “தெனமும் ஆபீஸுக்குப் போவும்போ அந்த ட்ரான்ஸ்ஃபார்மர அண்ணாந்து பாத்துட்டுத்தான் அவரு போறாரு.”

நான் சொல்லவில்லை. அப்பா கடைசிவரை ஆசானைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு என்னிடம் அப்படிச் சொல்லிவிட்டு அண்ணன் மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தான். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தபின்னும் ஒரு தடவை கேட்கவேண்டும் போலிருந்ததோ என்னவோ. பல்பைப் பார்க்கவில்லை இப்போது, கண்ணை மூடிக்கொண்டான். மாமியும் வந்து வாசற்படியில் நின்றாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் பிள்ளைகள் சத்தம் அடங்கியது. நீளமான ஒரு ஸ்வரத்தின் நடுவில் கீழே ஃபாக்டரியில் ஏதோ காரணத்துக்காக விசிறிகளை நிறுத்தினார்கள். அறை பளிச்சென்று வெளுத்தது. ஸ்வரம் கையிலேயே தகரமாயிற்று. அண்ணன் கண்ணைத் திறந்து, கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான்.

“ஏம்டே நிறுத்திட்டே?” என்று மாமா அடுத்த அறையிலிருந்து கேட்டார். “வாசி, வாசி!”

“கரண்டு நல்லா வந்தாச்சு மாமா” என்றான் அண்ணன்.